மார்க் பார்த்துத்தான் வாங்குறாங்க!

காலை ஐந்தரை மணி. சென்னையில் எந்த ஆவின் பூத் முன்னால் நின்றாலும் காதில் விழும் வியாபாரம் இப்படித்தான் இருக்கும்: "அண்ணே, ரெண்டு பச்சை, ஒரு நீலம்." "ஆரஞ்சு வந்துருச்சா?" யாரும் 'நிலைப்படுத்திய பால்' என்று கேட்பதில்லை. கொழுப்பு 4.5 சதவீதமா, 3 சதவீதமா என்று பாக்கெட்டைத் திருப்பிப் படிப்பதும் இல்லை. அரைத்தூக்கத்தில் வருபவருக்கு நிறம் சொன்னால் போதும், பால் கைக்கு வந்துவிடுகிறது. 2023-ல் ஆவின், 3.5 சதவீதக் கொழுப்புள்ள 'டிலைட்' பாலை ஊதா பாக்கெட்டில் கொண்டுவந்து, பச்சையை நிறுத்தப் போனபோது கடும் எதிர்ப்பு கிளம்பியது. உள்ளே கிடந்தது கொழுப்புக் கணக்கும் விலைக் கணக்கும்தான். ஆனாலும் அந்தச் சண்டை முழுக்க 'பச்சை', 'ஊதா' என்ற இரண்டு சொற்களிலேயே நடந்து முடிந்தது.

பிராண்ட் என்றால் விளம்பர ஏஜென்சிக்காரர்கள் பேசும் ஏதோ பெரிய விஷயம் என்று நினைக்கும் சிறு வியாபாரிகள் தமிழ்நாட்டில் ஏராளம். கடை திறக்கும் அவசரத்தில் யாரோ ஒரு பையனிடம் லோகோ போடச் சொல்கிறார்கள். இரண்டு வருஷத்தில் அது சலித்துவிடுகிறது. இன்னொரு பையன், இன்னொரு லோகோ. இந்தியாவிலும் வெளியிலும் அரை நூற்றாண்டு தாண்டி நிற்கும் சின்னங்களின் கதையைக் கேட்டால், இந்தப் பழக்கம் எவ்வளவு பெரிய நஷ்டம் என்று புரியும். லோகோ வரைவது சில வார வேலை. அதை மாற்றாமல் பிடித்து வைத்திருப்பது பல பத்தாண்டு வேலை. காசு பெறுவது இரண்டாவதுதான்.

அணிலும் காக்காவும்

சிவகாசிக்கு இதையெல்லாம் யாரும் பாடம் எடுக்கவில்லை. 1920-களில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பி, ஊரில் தொழிலைத் தொடங்கினார்கள். அன்றைக்குத் தீப்பெட்டி வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து வாசனை கிடையாது. எனவே பெட்டியின் மேல் ஒட்டிய தாளில் படம்தான் பேசியாக வேண்டும். அய்ய நாடாருக்கு அணில். சண்முக நாடாருக்குக் காக்கா. படம் மக்கள் வாயில் எவ்வளவு ஏறியது என்றால், அவரைக் 'காக்கா சண்முக நாடார்' என்றே ஊர் அழைத்தது. பெயரைச் சின்னமாக்குவது பிராண்ட் உலகின் வழக்கம். சின்னம் பெயராகவே ஒட்டிக்கொள்வது அதைவிடப் பெரிய வெற்றி.

அந்த லேபிள்களைப் பாருங்கள். ஒரு விரற்கடை அகலத்தாள். மலிவு மை. அச்சு கொஞ்சம் பிசகினால் ஒரு நிறம் இன்னொன்றின் மேல் ஏறிவிடும். அப்படி ஏறினாலும் அணில் அணிலாகவே தெரிய வேண்டும், பக்கத்துப் பெட்டியின் மயிலோடு குழம்பக் கூடாது. இன்றைக்கு டிசைன் கல்லூரிகளில் 'எளிமை, தனித்தன்மை, சிறிய அளவிலும் தெளிவு' என்று கரும்பலகையில் எழுதிப் போடும் விதிகள் எல்லாம் அந்தத் தாளுக்குள் இருக்கின்றன. லேபிள் அச்சடிக்கத்தான் சிவகாசிக்கு அச்சகங்கள் வந்தன. பிறகு நாட்டுக்கே காலண்டர் அடிக்கும் ஊராக அது வளர்ந்தது தனிக்கதை.

விருதுநகரில் 1916-ல் பழனியப்ப நாடார் தொடங்கிய குளிர்பானக் கம்பெனியோ பெயரிலேயே மார்க்கை வைத்துக்கொண்டது: காளிமார்க். 2017-ல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது, மாற்று என்ன என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. காளிமார்க்கின் 'பொவன்டோ' என்ற பெயர் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பல பத்தாண்டாக மாறாத பெயருக்கு அப்படியொரு நாள் வரும் என்று எந்த மார்க்கெட்டிங் திட்டத்திலும் எழுதி வைக்க முடியாது.

ஆலமரம் போய் வட்டம் வந்தது

பாரத ஸ்டேட் வங்கி 1955-ல் உருவானபோது அதன் சின்னம் ஆலமரம். அர்த்தத்தில் குறையே இல்லை. விழுது விட்டுப் பரவும், நிழல் தரும், நிலைத்து நிற்கும். வங்கிக்கு வேறென்ன வேண்டும்? சிக்கல் வரைவதில்தான். இலையும் கிளையும் விழுதுமாக இருக்கும் ஒரு மரத்தைப் பாஸ்புத்தக மூலையில் அரை அங்குலத்துக்குச் சுருக்கினால் மைக்கறைதான் மிஞ்சும்.

1971-ல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் காமத் கொடுத்த பதில், பார்த்தால் 'இதற்கா சம்பளம்?' என்று கேட்கத் தோன்றும். நீல வட்டம். நடுவில் சிறிய வெள்ளை வட்டம். அதிலிருந்து நேர்கீழே, விளிம்பைத் தொடும்வரை ஒரு வெள்ளைக் கோடு. அவ்வளவுதான். பூட்டின் சாவித்துளை என்பார்கள் சிலர். பெரிய அமைப்பின் நடுவே நிற்கும் சாமானிய மனிதன் என்பார்கள் இன்னும் சிலர். அகமதாபாத்தின் காங்கரியா ஏரியை ஆகாயத்திலிருந்து பார்த்தால் அச்சு அசல் இப்படியே இருக்கும் என்று இணையத்தில் ஒரு கதை ஓயாமல் சுற்றுகிறது. ஏரி நடுவே தீவு, தீவுக்கு ஒரு பாதை என்று படம் பொருந்தத்தான் செய்கிறது. உண்மையோ இல்லையோ, ஒரு வங்கியின் லோகோவுக்கு மக்களே கதை கட்டி வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள் என்றால் அது எந்த விளம்பரத்தாலும் வாங்க முடியாத பரிசு.

இந்த வட்டத்தின் பலம் அது படும் பாட்டில் தெரியும். ரப்பர் ஸ்டாம்பில் மை வழிந்தாலும் தெரியும். கிராமக் கிளையின் வெயிலில் வெளுத்த போர்டிலும் தெரியும். ஓடும் பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஏ.டி.எம். தேடுபவர் கண்ணில், எழுத்து புரிவதற்கு முன்பே படும். கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தாலும் சேதமில்லை. 2017 ஏப்ரல் 1-ல் ஐந்து துணை வங்கிகளும் பாரதிய மகிளா வங்கியும் இதோடு இணைந்தபோது நீலத்தின் சாயலும் எழுத்தின் வடிவமும் புதுப்பிக்கப்பட்டன. வட்டத்தையும் வெட்டையும் யாரும் தொடவில்லை. இன்று 22,000-க்கும் மேற்பட்ட கிளைகளின் வாசலில் அது தொங்குகிறது.

அதே தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மாணவராக இருந்த தேபாஷிஷ் பட்டாச்சார்யா வரைந்ததுதான் தூர்தர்ஷனின் கண். ஒரு தலைமுறையே ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த இரண்டு வளைவுகள் சுழன்று சேர்வதற்காகக் காத்திருந்தது. 2024 ஏப்ரலில் டிடி நியூஸ் சேனலின் லோகோ சிவப்பிலிருந்து காவிக்கு மாறியபோது நாடெங்கும் வாக்குவாதம் வெடித்தது. லோகோவுக்கு நிறமும் உடம்பின் ஒரு உறுப்பு.

ரூபாய்க்கு முகம் வரைந்தவர்

இந்திய ரூபாய்க்கு ஒரு குறி வேண்டும் என்று மத்திய நிதியமைச்சகம் 2009-ல் போட்டி அறிவித்தது. 3,000-க்கும் மேற்பட்ட வடிவங்கள் குவிந்தன. அதிலிருந்து ஐந்து தேறின. 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஏற்றுக்கொண்டது, தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் தர்மலிங்கம் வரைந்த வடிவத்தை. சென்னையில் கட்டடக்கலை படித்து, மும்பை ஐ.ஐ.டி.யில் வடிவமைப்புப் படித்தவர். தமிழ் எழுத்துருக்களில் ஆராய்ச்சி செய்தவர். எழுத்தின் எலும்பு தெரிந்த கை என்பது அந்தக் குறியைப் பார்த்தாலே தெரியும்.

தேவநாகரி 'ர'வையும் ரோமன் 'ஆர்' எழுத்தையும் ஒன்றாகக் கலந்து, ரோமன் எழுத்தின் நிமிர்ந்த தண்டை மட்டும் நீக்கிவிட்டார். தலையில் இரண்டு கிடைக்கோடுகள். ஒன்று தேவநாகரியின் தலைக்கோடு. இரண்டும் சேர்ந்தால் சமக்குறி. நடுவில் உள்ள வெற்றிடத்தோடு பார்த்தால் மூவர்ணக் கொடி. டாலர், பவுண்டு, யூரோ, யென் எல்லாவற்றிலும் ஒரு கோடோ இரண்டு கோடோ குறுக்கே ஓடுவதால், உலகப் பணக்குறிகளின் குடும்பத்திலும் இது ஒட்டிக்கொண்டது. கிட்டத்தட்ட மூன்று இழுப்பில் எழுதிவிடலாம். காய்கறிக் கடைச் சிலேட்டில் சாக்பீஸால் எழுத முடியாத பணக்குறி இந்தியாவில் பிழைத்திருக்காது. பரிசுத்தொகை இரண்டரை லட்சம் ரூபாய்.

இதுவரை டிசைனரின் வேலை. குறி நிலைத்தது அடுத்து நடந்ததால். அதே ஆண்டு அக்டோபரில் யூனிகோடு 6.0 பதிப்பில் அதற்கு இடம் கிடைத்தது. மங்களூருவின் ஒரு மென்பொருள் நிறுவனம் அதைத் தட்டச்சு செய்ய இலவச எழுத்துரு வெளியிட்டது. சென்னையின் டி.வி.எஸ். எலெக்ட்ரானிக்ஸ் ரூபாய்க் குறி பொறித்த கீபோர்டைக் கடைக்குக் கொண்டுவந்தது. 2011-ல் நாணயங்களில் ஏறியது, பிறகு நோட்டுகளில். பெட்ரோல் பங்க், ஓட்டல் மெனு, மளிகைக் கடை விலைச்சீட்டு என்று ஒவ்வொன்றாகப் பிடித்தது.

2025 மார்ச்சில் தமிழ்நாட்டு அரசின் பட்ஜெட் இலச்சினையில் அந்தக் குறிக்குப் பதிலாக 'ரூ' என்ற தமிழ் எழுத்து வந்தபோது டெல்லி வரை விவாதம் நடந்தது. அரசியலை அரசியல்வாதிகளிடம் விட்டுவிடலாம். டிசைன் கண்ணோடு பார்த்தால் ஒன்று தெரிகிறது: பதினைந்தே ஆண்டில், ஒரு குறி இல்லாததையே நாடு கவனிக்கும் நிலைக்கு அது வந்துவிட்டது. எதிர்ப்புறம், 'ரூ' என்ற எழுத்தும் தமிழர் கண்ணுக்கு நூற்றாண்டுப் பழக்கம். கணக்கு நோட்டில் இன்றைக்கும் அதைத்தான் போடுகிறார்கள். இரண்டுமே வலுவான சின்னங்கள் என்பதால்தான் அவ்வளவு சத்தம்.

எடுத்துப் பார்த்தால் தெரியும்

ஒரு சின்னத்தின் மதிப்பை அளக்க எளிய வழி, அதைக் கொஞ்ச நாள் பிடுங்கி வைப்பது. தமிழ்நாட்டு வாக்காளர்களுக்கு இது பழகிய பரிசோதனை. முதல் பொதுத்தேர்தல் காலத்திலிருந்தே, எழுதப் படிக்கத் தெரியாதவரும் வாக்களிக்க வேண்டும் என்பதற்காகத்தான் சின்னங்கள் வந்தன. 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் அ.தி.மு.க. இரட்டை இலையோடு களமிறங்கி வென்றது. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பிறகு கட்சி உடைந்து, சின்னம் முடக்கப்பட்டது. 1989 ஜனவரித் தேர்தலில் ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. ஆட்சி தி.மு.க.வுக்குப் போனது. அணிகள் இணைந்து, இலை திரும்பி வந்த கையோடு, மார்ச் மாதத்தில் மருங்காபுரி, மதுரை கிழக்கு இரண்டு இடைத்தேர்தல்களிலும் இரட்டை இலை வென்றது. ஓட்டு பிளந்ததும் சேர்ந்ததும் பெரிய காரணம், மறுக்க முடியாது. ஆனாலும் கட்சி உடையும்போதெல்லாம் அலுவலகச் சாவிக்கு அடுத்தபடியாக இரண்டு தரப்பும் தேர்தல் கமிஷனுக்கு ஓடுவது எதற்காக என்று அந்தத் தலைவர்களுக்குத் தெரியும்.

2017 டிசம்பரில் ஆர்.கே. நகரில், அதே இரட்டை இலையை எதிர்த்துப் புத்தம் புதிய குக்கர் சின்னத்தில் நின்ற டி.டி.வி. தினகரன் ஜெயித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். சின்னம் பெரிய சொத்துதான். அது மட்டுமே சரக்கு ஆகிவிடாது.

வியாபார உலகில் இந்தப் பரிசோதனையைத் தன் கைக்காசைப் போட்டுச் செய்து பார்த்த கம்பெனி, அமெரிக்காவின் டிராபிகானா. அப்போது பெப்சிகோவுக்குச் சொந்தமாக இருந்த ஆரஞ்சு ஜூஸ் பிராண்ட். அதன் அட்டைப்பெட்டியில் வருஷக்கணக்காக ஒரே படம்: ஒரு முழு ஆரஞ்சுப் பழம், அதில் நேராகக் குத்திய ஸ்ட்ரா. பழத்திலிருந்து நேரடியாக உறிஞ்சுகிறாய் என்று ஒரு வார்த்தை இல்லாமல் சொல்லும் படம். 2009 ஜனவரியில் பெப்சிகோ அதைத் தூக்கிவிட்டது. நியூயார்க்கின் பேர்போன டிசைனர் பீட்டர் ஆர்னெலின் ஏஜென்சி புதிய பெட்டி செய்தது. ஆரஞ்சும் ஸ்ட்ராவும் போய் ஒரு கண்ணாடித் தம்ளர் ஜூஸ் வந்தது. படுக்கைவாட்டில் இருந்த பெயர் செங்குத்தாகத் திரும்பியது. எழுத்து மெலிந்தது. மூடி மட்டும் பாதி ஆரஞ்சு போலப் பிழியத் தூண்டும் வடிவில். அது உண்மையிலேயே நல்ல யோசனை.

பெட்டி அழகாகத்தான் இருந்தது. சூப்பர் மார்க்கெட் அலமாரி முன் நின்ற வாடிக்கையாளருக்குத் தன் ஜூஸைக் காணவில்லை. ஏதோ கடைக்காரரின் சொந்த மலிவுச் சரக்கு போலத் தெரிகிறது என்று புகார் கடிதங்கள் குவிந்தன. பிப்ரவரி 22 வரையிலான இரண்டு மாதத்துக்குள் விற்பனை 20 சதவீதம் சரிந்தது. உள்ளே இருந்த ஜூஸ் ஒரு சொட்டுக்கூட மாறவில்லை. மாத இறுதிக்குள் பழைய ஆரஞ்சையும் ஸ்ட்ராவையும் திரும்பக் கொண்டுவருவதாகக் கம்பெனி அறிவித்தது.

அடுத்த ஆண்டு அக்டோபரில் 'கேப்' துணிக்கடைகள், இருபது ஆண்டுப் பழைய நீலச் சதுர லோகோவைக் கழற்றிவிட்டுப் புதியதை இணையத்தில் வெளியிட்டன. ஒரே வாரத்தில் பழையது திரும்பி வந்தது. இரண்டு சம்பவத்திலும் புதிய டிசைன் மோசமா என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். கண் பழகிய அடையாளத்தை ஒரே இரவில் பிடுங்கியதுதான் குற்றம்.

ஏன் பிடுங்குகிறார்கள்? முதலாளியும் மார்க்கெட்டிங் மேனேஜரும் தங்கள் லோகோவை ஒரு நாளைக்கு நூறு தடவை பார்க்கிறார்கள்: லெட்டர்ஹெட், விசிட்டிங் கார்டு, கார் கண்ணாடி, ஆபீஸ் சுவர். வாடிக்கையாளர் வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் ஓரக்கண்ணால். முதலாளிக்கு அலுத்துப்போகும் நாளில்தான் வாடிக்கையாளருக்கு அது பழகவே தொடங்கியிருக்கும்.

35 டாலரும் 24 வருஷமும்

நைக்கி ஷூவின் வளைகோடு பற்றிய கதை பலருக்குத் தெரியும். 1971-ல் போர்ட்லண்ட் மாணவி கரோலின் டேவிட்சன் அதை வரைந்து வாங்கிய கூலி 35 டாலர். 1983-ல் கம்பெனி அவரை அழைத்து வைர மோதிரமும் பங்குகளும் கொடுத்தது. இந்தக் கதையை எல்லோரும் 'ஐயோ, 35 டாலருக்கா!' என்ற ஆச்சரியத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகுதான். 'நைக்கி' என்ற எழுத்தை விட்டுவிட்டு வளைகோட்டை மட்டும் தனியே நிற்க வைக்கும் துணிச்சல் கம்பெனிக்கு வந்தது 1990-களின் நடுவில். அதுவரை இருபத்துச் சொச்சம் ஆண்டு, ஒவ்வொரு ஷூவிலும் ஒவ்வொரு பனியனிலும் அதே கோடு, அதே சாய்வு. மாஸ்டர்கார்டின் சிவப்பு, மஞ்சள் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியது 1960-களில். பெயரை நீக்கியது 2019-ல். 'ஆப்பிளைப் போல எனக்கும் பெயரே இல்லாத லோகோ போடு' என்று முதல் நாளே கேட்கும் வாடிக்கையாளர்களிடம் டிசைனர்கள் சொல்ல வேண்டிய கணக்கு இதுதான்.

இன்னொரு மயக்கம், மறைந்திருக்கும் புத்திசாலித்தனம். ஃபெடெக்ஸ் லோகோவில் 'இ'க்கும் 'எக்ஸு'க்கும் நடுவே ஓர் அம்புக்குறி ஒளிந்திருக்கிறது. 1994-ல் லிண்டன் லீடர் வரைந்தது. டிசைன் வகுப்புகளில் அதற்குக் கைதட்டல் விழாத நாளில்லை. தகுதியானதும்கூட. ஆனால் அந்த அம்பை வாழ்நாளில் பார்க்காமலே கோடிக்கணக்கானோர் ஃபெடெக்ஸில் பார்சல் அனுப்புகிறார்கள். ஊதா, ஆரஞ்சு, தடித்த எழுத்து, வேனின் பக்கவாட்டு: அவர்களுக்கு அதுவே போதும்.

உள்ளூரில் இதற்கு அமுல் சிறுமியைவிட நல்ல சாட்சி கிடையாது. 1966-ல் சில்வெஸ்டர் டகுன்ஹாவின் ஏஜென்சியில், ஓவியர் யூஸ்டஸ் ஃபெர்னாண்டஸ் கையில் பிறந்தவள். புள்ளிப் பாவாடை, நீலத்தலைமுடி, மூக்கே இல்லாத முகம். வாரா வாரம் புதுச் செய்தி, புதுக் கேலி. கிரிக்கெட், சினிமா, தேர்தல் எதையும் விட்டதில்லை. சொல்வது ஒவ்வொரு முறையும் வேறு. சொல்பவள் அறுபது ஆண்டாக அதே சிறுமி. புதுமை வேண்டும் என்று துடிப்பவர்கள் லோகோவை விட்டுவிட்டு இங்கே துடிக்கலாம்.

ஃப்ளெக்ஸ் கடையில் உடையும் லோகோ

தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூர் ஃப்ளெக்ஸ் கடையிலும் வாரம் ஒருமுறையாவது நடக்கும் உரையாடல் இது.

"தம்பி, லோகோவ வாட்ஸ்அப்புல போட்டுட்டேன். பத்துக்கு இருபது போர்டு அடிச்சிரு. நாளன்னிக்குத் திறப்பு விழா."

"அண்ணாச்சி, இது ஜேபிஜி. இழுத்தா உடையும். கோரல் ஃபைல் இருக்கா?"

"அத வரைஞ்ச பையன் கோயம்புத்தூருக்குப் போயிட்டானேப்பா. நீயே பாத்து ஏதாவது பண்ணு."

தம்பி பார்த்து ஏதாவது பண்ணுகிறார். மங்கலான படத்தின் மேல் கோடு இழுத்து மறுபடி வரைகிறார். அதே எழுத்துரு அவரிடம் இல்லை. ஏறக்குறைய ஒத்த ஒன்றைப் போடுகிறார். போர்டு அகலம் என்பதால் லோகோவைப் பக்கவாட்டில் கொஞ்சம் இழுத்துவிடுகிறார், வட்டம் முட்டையாகிறது. மெரூன் கேட்டால் ஃப்ளெக்ஸ் மெஷின் செங்கல் நிறம் துப்புகிறது. இதே கதை கட்டைப்பை அச்சடிக்கும் இடத்தில், பில் புக் அடிக்கும் இடத்தில், டெலிவரி வேனுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் இடத்தில். ஐந்து வருஷத்தில் ஒரே கடைக்கு ஐந்து லோகோ. முதலாளி கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான்.

மருந்து பெரிய செலவல்ல. டிசைனருக்குக் கடைசித் தவணை கொடுக்கும் முன் வெக்டர் கோப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். ஜேபிஜி என்பது புள்ளிகளால் ஆன படம். பெரிதாக்கினால் புள்ளிகள் பல்லிளிக்கும். வெக்டர் கோப்பில் கோடுகள் கணக்காகச் சேமிக்கப்படுவதால் விசிட்டிங் கார்டு அளவிலிருந்து நாற்பதடி போர்டு வரை இழுக்கலாம். நிறத்துக்கு மூன்று எண்கள்: திரைக்கு ஒன்று, நான்கு வண்ண அச்சுக்கு ஒன்று, ஸ்பெஷல் மைக்கு ஒன்று. மொபைலில் பளீரென்று மின்னும் பச்சை, தாளில் மங்கும். இது அச்சகத்தின் தவறு கிடையாது. லோகோவைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும், இதைவிடச் சிறிதாக்கக் கூடாது, இந்தப் பின்னணியில் வெள்ளையில் மட்டும்தான், என்ன எழுத்துரு என்பவற்றை ஒரே ஒரு ஏ4 தாளில் அச்சடித்து வைத்துக்கொண்டு, வேலை கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி. பெரிய கம்பெனிகளின் நூறு பக்க பிராண்ட் கையேடு சாராம்சத்தில் இதுதான். லண்டன் சுரங்க ரயிலுக்காக 1916-ல் எட்வர்ட் ஜான்ஸ்டன் வரைந்த எழுத்துரு சின்னச் சின்னத் திருத்தங்களோடு இன்றைக்கும் ஒவ்வொரு நிலையத்திலும் இருக்கிறது. அங்கே போர்டு எழுதுபவர் 'பார்த்து ஏதாவது' பண்ண முடியாது.

தமிழ்நாட்டுக் கடைகளுக்கு இன்னொரு பாடு உண்டு. பெயர்ப் பலகையில் தமிழே முதன்மையாக இருக்க வேண்டும் என்பது இங்கே விதி. ஆனால் பெரும்பாலான கடைகளில் ஆங்கிலப் பெயரைத்தான் டிசைனர் உட்கார்ந்து செதுக்குகிறார். தமிழ்ப் பெயர் கடைசி நேரத்தில் கம்ப்யூட்டரில் கிடைத்த எழுத்துருவில் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் கம்பீரம், தமிழில் கல்யாணப் பத்திரிகை. தமிழ் எழுத்துக்கு அதன் சொந்தத் தொல்லைகள் உண்டு. சொல் நீளும். இகர, ஈகாரக் கொக்கிகள் மேலே ஏறும், உகர வால்கள் கீழே இறங்கும். வரிக்கு மேலும் கீழும் இடம் விடாவிட்டால் நெரிசல். புள்ளி இன்னும் ஆபத்து. 'ஸ்டோர்ஸ்' என்ற ஒரு சொல்லில் மூன்று புள்ளிகள். ஊழியர் சட்டைப் பையில் நூலால் தைக்கும்போதோ வாட்ஸ்அப் வட்டத்துக்குள் சுருங்கும்போதோ முதலில் காணாமல் போவது அவைதான். எனவே தமிழ்ப் பெயரை முதலில் வரைந்து, அதன் தடிமனுக்கும் வளைவுக்கும் ஆங்கிலத்தைப் பொருத்துவதே இங்கே புத்திசாலித்தனம். புள்ளியைக் கொஞ்சம் பெரிதாகவே வைக்கலாம். வரைந்து முடித்ததும் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து பில்லில் குத்திப் பார்ப்பது, எந்த பவர்பாயின்ட் காட்சியையும்விட நேர்மையான தேர்வு.

குடும்பத்துக்கு வெளியே நாலு பேரிடம் காட்டுவதும் முக்கியம். 2021-ல் அமேசான் தன் மொபைல் செயலிக்குப் புதிய ஐகான் போட்டது. பழுப்புப் பெட்டி, கீழே புன்னகை, மேலே பல் பல்லாகக் கிழிந்த நீல டேப். பார்த்தவர்களுக்கு ஞாபகம் வந்தது ஹிட்லர் மீசை. சில வாரத்தில் டேப்பின் முனையைச் சத்தமில்லாமல் மடித்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய கம்பெனியின் அறையில் அத்தனை பேர் பார்த்தும் கண்ணில் படாதது தெருவில் போகிறவர் கண்ணில் உடனே படுகிறது.

கிண்டிக்கு ஒரு விண்ணப்பம்

கடைசியாக, பெரும்பாலானோர் தள்ளிப்போடும் வேலை. பத்து வருஷம் உழைத்து வளர்த்த பெயரைப் பக்கத்து ஊர்க்காரர் பதிவு செய்துகொண்டால், வழக்கறிஞரிடம் போய் நிற்க வேண்டியவர் உழைத்தவர்தான். முதலில் பயன்படுத்தியவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு என்றாலும் அதை நிரூபிக்கப் பழைய பில், பழைய விளம்பரம் என்று தோண்ட வேண்டியிருக்கும்.

1999-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டப்படி, சரக்குகளும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மசாலாவும் காபித்தூளும் 30-ஆம் வகுப்பு, ஆயத்த ஆடை 25-ஆம் வகுப்பு. எந்த வகுப்பில் பதிகிறோமோ அந்த வகுப்புக்கே பாதுகாப்பு. விண்ணப்பம் ஏற்கப்பட்டு அரசின் இதழில் வெளியானதும், ஆட்சேபிக்க மற்றவர்களுக்கு நான்கு மாதம் அவகாசம். அதுவரை பெயர் பக்கத்தில் 'டிஎம்' என்று போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது பதிவு கிடைத்த பிறகுதான்; முன்கூட்டிப் போடுவது சட்டப்படி தவறு. லோகோவை வெளியாளிடம் காசு கொடுத்து வரைய வைத்திருந்தால், உரிமை முழுவதும் மாற்றித் தருவதாக அவரிடம் எழுத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பில் கட்டிய ரசீது மட்டும் அதற்குப் போதாது.

தென்மாநிலங்களுக்கான வணிகக்குறிப் பதிவகம் சென்னை கிண்டியில், ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது. நேரில் போகத் தேவையில்லை. தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் என்றால் இணையவழிக் கட்டணம் வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். அடுத்த போர்டுக்கு ஆர்டர் கொடுக்கும் முன், உங்கள் பெயரில் வேறு யாராவது பதிந்திருக்கிறார்களா என்று பதிவகத்தின் இணையதளத்தில் ஒருமுறை தேடிவிடுங்கள். தேடுவதற்குக் கட்டணம் கிடையாது.